பத்து யார் சங்கிலி

கடிதம் இல. 1
ஹனோவர்
20.05.2007, ஞாயிறு

அன்புள்ள பிறேமாவுக்கு,

வேளாங்கண்ணியில் பிரிந்தபோது உம்மைப் பிடித்திருந்த காய்ச்சல், இந்தக் கடிதம் கொழும்புக்கு வருவதற்குள் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

மேலே இலக்கம் போட்டிருக்கிறேன், பார்த்தீரா? நீரும் போடும். இடையில் ஒன்று தபாலில் தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். போனில் கதைக்கலாம்தான். ஆனால் டொறத்தி மாமி வீட்டு மண்டபத்தில் ஏழு பேர் போனைச் சுற்றி நிற்கும்போது, "ஓம், சாப்பிட்டன்" என்பதைத் தவிர உம்மால் என்ன சொல்ல முடியும்? கலியாணம் முடிந்து பன்னிரண்டு நாள் ஒன்றாக இருந்தோம். அதில் நாலு நாள் உமக்குக் காய்ச்சல், மூன்று நாள் உறவுக்காரர். மிச்சத்தை எழுதித்தான் அறிய வேண்டும்.

அங்கே நீர் என்னிடம் ஒன்று கேட்டீர். "ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்வியள்?" பூசைக்குப் போவேன் என்றேன். அது பாதிதான். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் சலவைத் தொழிற்சாலையில் நான் ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிற இடத்துக்குப் பக்கத்து மெஷினில் யென்ஸ் என்று ஒரு ஜேர்மன்காரன் நிற்கிறான். கதவால் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. போன வருடம் அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் குழு தொடங்கினார்கள். பெயர் லைன ரைகர். லைன என்பது இங்கே ஓடுகிற ஆறு, ரைகர் என்றால் நாரை. நாரை என்று பெயரை வைத்துக்கொண்டு எருமை மாதிரி மோதுவார்கள். இருக்கிற பிரிவுகளில் ஆகக் கடைசிப் பிரிவு. போன வருடம் எல்லா ஆட்டத்திலும் தோல்வி.

பெயர்தான் ஃபுட்போல். காலால் உதைப்பது எப்போதாவது. முட்டை போன்ற பந்தை இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் பிடித்து விழுத்துவார்கள். நாலு தடவைக்குள் பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேறினால் திரும்பவும் நாலு தடவை கிடைக்கும். முன்னேறினார்களா என்று சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பார்கள். அதற்கென்று இரண்டு கம்பும், நடுவே பத்து யார் நீளத்தில் ஒரு சங்கிலியும் இருக்கின்றன. அதைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கவே விடமாட்டார். ஒரு கம்பைப் பிடிக்கிறவன் உமது கணவன்.

சங்கிலி பிடிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. நம்முடைய ஆட்கள் வென்றாலும் முகத்தை மரம் மாதிரி வைத்திருக்க வேண்டும். அளக்கிற அந்த அரை நிமிடம் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எதிராளிகளும் என் கையைத்தான் பார்ப்பார்கள். பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், என் கையை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். யென்ஸ் பகிடிக்குத் தன் தலைக்கவசத்தையும் தோள்கவசத்தையும் எனக்கு மாட்டிவிட்டு எடுத்தது. கம்பிக்குப் பின்னால் இருப்பது நான்தான்.

அன்புடன்,
எமில்


இல. 5
கொட்டாஞ்சேனை, கொழும்பு
14.10.2007

அன்புள்ள எமில் அவர்களுக்கு,

நான் சுகம். மாமிக்கு முழங்கால் நோவு, அதையும் சுகத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் படத்தால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேர்மன் மொழி படிக்கிற என் டொச் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வகுப்புக்குப் போகிற வழியில் சந்தியில் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஆமி என்று கேட்டான். ஆமி இல்லை, விளையாட்டு என்றேன். விளையாட்டுக்கு எதற்கு இரும்புத் தொப்பி? விழுத்துவார்கள். ஏன் விழுத்துவார்கள்? பத்து யார் போகவிடாமல் இருக்க. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இதற்குமேல் விளக்க ஏலவில்லை. அவன் பெரியவனைக் கூப்பிட்டான், பெரியவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். கடைசியில் பெரியவன் சிரித்துவிட்டு, "உன் புருஷனைக் கவனமாக இருக்கச் சொல்" என்று படத்தைத் தந்தான்.

மாமி தொப்பியை மட்டும் கத்தரித்து எறியச் சொன்னா. "தொப்பியை வெட்டினா முகமும் போயிடும் மாமி" என்றேன். கலியாணப் படங்கள் அத்தனையிலும் நீங்கள் பல்லுக் கழற்ற வந்தவர்போல நிற்கிறீர்கள். இதில் மட்டும்தான் சிரிக்கிறீர்கள். கம்பிக்குப் பின்னால் என்றாலும் பரவாயில்லை. இப்போது படம் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

புதுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். டொச் சோதினை பாஸ் பண்ணாமல் மனைவிக்கு விசா இல்லை. வகுப்பில் என்னைப் போல பதினொரு பெண்கள். எல்லோருக்கும் புருஷன் ஒரு போன் நம்பர். எனக்கு மட்டும் ஒரு குழு இருக்கிறது. யென்ஸின் முதுகு எப்படி என்று பக்கத்து மேசைப் பிள்ளை கேட்கிறாள்.

பத்து யார் என்பது எனக்கு விளங்கும். ஆறு யார் ஒரு சேலை. அதற்கு மேலே நாலு யார், இரண்டு சட்டைக்குக் காணும். அந்தத் தூரத்துக்கு இவ்வளவு சண்டையா என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே நடப்பதை எழுதவில்லை. பதிவு, சோதனை, திரும்பவும் பதிவு. ஊர்ப் பாதை மூடித்தான் கிடக்கிறது. ஞாயிறு பின்னேரம் மொட்டை மாடிக்குக் காய்ந்த துணி எடுக்கப் போகும்போது உங்கள் கடிதத்தையும் கொண்டுபோவேன். விரிப்புகளுக்கு நடுவே இருந்து வாசித்தால் சந்தி தெரியாது, கடல் காற்று மட்டும் வரும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். வேறு எதை எழுதாவிட்டாலும் ஆட்டத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அதை வைத்துத்தான் நான் அடுத்த ஞாயிறுவரை போகிறேன்.

உங்கள்,
பிறேமா


கடிதம் இல. 9
ஹனோவர்
18.05.2008, ஞாயிறு

அன்புள்ள பிறேமாவுக்கு,

சோதினை நெருங்குகிறது என்று எழுதியிருந்தீர். பயப்பட வேண்டாம். உமது டொச் கையெழுத்தை யென்ஸிடம் காட்டினேன். தன்னுடையதை விட வடிவு என்றான்.

இன்றைய ஆட்டத்தைக் கேளும். காலையிலிருந்தே ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பி மைதானத்தை மூடிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் எல்லாம் மேல்பாதியாக மிதந்து திரிந்தார்கள். நடுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விசில் ஊதினார். பந்து எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. குரல் வருகிற பக்கம் ஓடினார்கள். ஒரு தடவை எங்கள் ஆள் பந்தை மேலே எறிந்தான். அது வெள்ளைக்குள் போனது, வரவில்லை. இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எங்கோ தூரத்தில் "வைச்சிருக்கிறன்" என்று யென்ஸின் குரல் கேட்டது.

இரண்டாம் பாதியில் புகாருக்குள்ளிருந்து இரண்டு நாரை நடந்து வந்தது. உண்மையான நாரை, சாம்பல் நிறம். நேரே மைதானத்தின் நடுக் கோட்டில் வந்து நின்றது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். துரத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்து நாலு தடியன்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், பூசையில் நிற்கிறமாதிரி. கால் மணித்தியாலம் கழித்து அதுகள் தாமாகவே பறந்தன.

கடைசியில் அளக்கச் சொன்னார்கள். நானும் மற்ற ஆளும் சங்கிலியை இழுத்துப் பிடித்தோம். சங்கிலியெல்லாம் பனித்துளி. பந்து கம்பைத் தாண்டி ஒரு நகத்தளவு. நாங்கள் வென்றோம், 14க்கு 6. நான் மரம் மாதிரி நின்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடும். இங்கே சாப்பிடச் சொல்ல எனக்கு ஆள் இல்லை, அதுதான் உமக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
எமில்


இல. 11
கொட்டாஞ்சேனை
22.06.2008

அன்புள்ள எமில் அவர்களுக்கு,

பாஸ். நூற்றுக்கு எண்பத்தொன்று. மாமி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. படித்தது நான், புண்ணியம் அந்தோனியாருக்கு.

இன்னொரு செய்தி. விசாக் கந்தோரில் எனக்கு ரெர்மின் தந்திருக்கிறார்கள், கேள்வி கேட்கிற நாள். ஆவணி 4, அதாவது 04.08, திங்கள், மதியம் பன்னிரண்டரை. உங்களுக்கும் அங்கே அதே நாள் காலை ஒன்பதுக்குக் கடிதம் வரும் என்றார்கள். இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே ஒன்பது. ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்களாம். விடை பொருந்தினால் உண்மைக் கலியாணம், பொருந்தாவிட்டால் பொய்க் கலியாணம். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குப் புருஷன் வீட்டுத் திரைச்சீலை நிறம் தெரியவில்லை, அவளுடைய விண்ணப்பம் இன்னும் இழுபடுகிறது. உங்கள் வீட்டில் திரைச்சீலை இருக்கிறதா? இருந்தால் என்ன நிறம்?

உங்கள் ஆட்டம் வாசித்தேன். வடிவாக இருந்தது. ஒன்று கேட்கட்டுமா? போன வருடம் ஒவ்வொரு கடிதத்திலும் உங்களுக்கு முதுகு நோவும், ஒருவருக்குக் கை முறியும், மழை கொட்டும், தோற்பீர்கள். இந்த வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மழையும் இல்லை. வென்றுகொண்டே இருக்கிறீர்கள். நல்லதுதான். அங்கே எல்லாம் சரிதானே? சரியில்லாவிட்டாலும் எழுதலாம். நான் ஒன்றும் உடைகிற சாமான் இல்லை.

உங்கள்,
பிறேமா


கடிதம் இல. 11
ஹனோவர்
13.07.2008, ஞாயிறு

அன்புள்ள பிறேமாவுக்கு,

எண்பத்தொன்றா. தொழிற்சாலையில் எல்லோருக்கும் சொன்னேன். மேலாளர் கை தந்தார்.

திரைச்சீலை பச்சை. இரண்டு யன்னலில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. காலையில் பாணும் கறுப்புத் தேத்தண்ணியும். நித்திரை கொள்வது சுவர்ப் பக்கம். கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லும், பயம் வேண்டாம்.

இங்கே எல்லாம் சரி. முதுகு நோவு இல்லை என்பதற்காகக் கோபிக்கிற மனைவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்று ஆற்றங்கரை மரங்களிலிருந்து பஞ்சு பறந்தது. வெயில் எறிக்கிறது, பனி கொட்டுகிற மாதிரி வெள்ளையாக விழுகிறது. ஓடுகிறவன் காலில் பஞ்சு சுருண்டு சுருண்டு போனது. இடைவேளையில் இரண்டு குழுவும் புல்லில் படுத்து அப்படியே உறங்கிவிட்டார்கள். நடுவரும் படுத்தார். நானும் மற்ற ஆளும் மட்டும் கம்பைப் பிடித்தபடி நின்றோம், சங்கிலி பிடிக்கிறவர்கள் படுக்கக் கூடாது. அவர்கள்மேல் பஞ்சு விழுந்து மூடியது. பிறகு ஒருவன் தும்ம, எல்லோரும் எழும்பினார்கள். 20க்கு 6.

ஆவணி 4 காலை நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். அந்த நேரம் நீரும் ஒரு கதிரையில் இருப்பீர் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
எமில்


இல. 13
கொட்டாஞ்சேனை
05.08.2008

அன்புள்ள எமில் அவர்களுக்கு,

நேற்று முடிந்தது. ஒரு அம்மா டொச்சில் கேட்டா, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். நான் பாதியை டொச்சிலேயே சொன்னேன். அம்மா சிரித்தா.

திரைச்சீலை பச்சை, ஒரு யன்னலில் மட்டும் என்றேன். பாண், கறுப்புத் தேத்தண்ணி என்றேன். எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டபோது மொழிபெயர்ப்பவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், நானும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யென்ஸின் பெயர் சொன்னேன், தொழிற்சாலை தெருப் பெயர் சொன்னேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கணவர் என்ன செய்வார் என்று கேட்டா. பூசைக்குப் போவார், பிறகு லைன ரைகர் ஆட்டத்தில் சங்கிலி பிடிப்பார் என்றேன். இந்த வருடமுமா? ஓம் என்றேன். நிச்சயமாகவா? ஓம். கடைசியாக எழுதிய ஆட்டத்தில் 20க்கு 6 என்று வென்றார்கள் என்றேன். அம்மா அதையும் எழுதினா. இன்னொருமுறை கேட்டா. நானும் இன்னொருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு அவ சிரிக்கவில்லை.

எல்லாம் உங்கள் கடிதத்தில் இருந்தபடியே சொன்னேன். நீங்களும் அப்படித்தானே சொல்லியிருப்பீர்கள்?

பிறேமா


கடிதம் இல. 13
ஹனோவர்
21.09.2008, ஞாயிறு

அன்புள்ள பிறேமாவுக்கு,

போனில் மறுப்புக் கடிதம் வந்துவிட்டது என்று சொன்னீர். "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டீர். இதைப் போனில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

லைன ரைகர் இல்லை. தை மாதமே கலைத்துவிட்டார்கள். வடிவாக ஒன்றும் நடக்கவில்லை. விளையாட இருபத்திரண்டு பேர் வேண்டும், போன புரட்டாதியில் பதினேழு பேர்தான் வந்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் ஒன்பது பேர் கூடிக் கையைத் தூக்கினார்கள், முடிந்தது. இரண்டு வருடம் இருந்த குழு. இரண்டே இரண்டு ஆட்டம் வென்றது. யென்ஸும் மாசியில் பிறேமன் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். உமது கையெழுத்தை அவனிடம் காட்டினேன் என்று எழுதியதும் பொய். புகார், பந்து, உறக்கம், 14க்கு 6, 20க்கு 6, எல்லாம் நான் இந்த மேசையில் இருந்து எழுதியது.

ஏன் என்று கேட்பீர். அடுத்த ஞாயிறுவரை அதை வைத்துத்தான் போகிறேன் என்று நீர் எழுதியிருந்தீர். குழு இல்லை என்று எழுதப் பேனையை எடுப்பேன், கை ஆட்டத்தை எழுதிவிடும். அதோடு, குழு இல்லாவிட்டால் நான் விரிப்பு மடிக்கிற ஒருவன் மட்டும்தான். அந்த ஆளைக் கட்டியதாக நீர் நினைக்கக் கூடாது என்று இருந்தது.

ரெர்மினுக்கு முதல் நாள் போன் எடுத்தேன். மாமி எடுத்தா. "ஆட்டம் இல்லையெண்டு பிறேமாவிட்ட சொல்லுங்கோ" என்று மாமியிடம் எப்படிச் சொல்வது? சுகம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த நாள் அதிகாரி கேட்டார்: "போன ஞாயிறு என்ன செய்தீர்கள்?" அவர் பேனையைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். அந்த நேரம் சங்கிலி பிடிக்கிறவன் மாதிரித்தான் எனக்கு வந்தது, உள்ள அளவைத் தவிர வேறொன்றும் காட்டக் கூடாது. பூசைக்குப் போனேன், வீட்டுக்கு வந்து படுத்தேன் என்றேன். கழகம் எதிலாவது இருக்கிறீர்களா? இருந்தேன், தை மாதம் மூடிவிட்டார்கள். நீர் அங்கே என்ன சொல்லிக்கொண்டிருப்பீர் என்று நினைக்கும்போது அவர் எழுதி முடித்துவிட்டார்.

சட்டத்தரணியைப் பார்த்தேன். மறுபரிசீலனை கேட்கலாம், மார்கழிக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொய்யாகக் கலியாணம் கட்டினவன் மனைவிக்கு இவ்வளவு பொய் எழுதமாட்டான்" என்றார். நான் உமக்கு எழுதிய கடிதங்கள்தான் ஆதாரமாம். எல்லாவற்றையும் நீர் திருப்பி அனுப்ப வேண்டும். மொழிபெயர்த்து இலக்க வரிசைப்படி கந்தோருக்குக் கொடுப்பார்கள்.

அனுப்புவீரா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எமில்


இல. 15
கொட்டாஞ்சேனை
09.10.2008

எமில் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியாதது யென்ஸ் பிறேமன் போனது மட்டும்தான்.

மிச்சம் பங்குனியிலேயே தெரியும். வகுப்பில் ஒரு நாள் கணினியில் ஒரு டொச் செய்தி தேடி வாசித்து வரச் சொன்னார்கள். எல்லோரும் காலநிலை வாசித்தார்கள். நான் லைன ரைகர் என்று அடித்துப் பார்த்தேன். நாலே வரி. கழகம் கலைக்கப்பட்டது, ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி. அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் டொச் அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்துக்குக் காத்திருந்தேன். பாவம், அந்த மனுசனுக்கு இருந்த ஒரே சந்தோசமும் போய்விட்டதே, எழுதுவார், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் நாரையை அனுப்பினீர்கள். முதுகு நோவில்லையா, மழை இல்லையா என்று கேட்டேன். சரியில்லாவிட்டாலும் எழுதலாம் என்று எழுதினேன். அதற்கு மேலே ஒருத்தி எப்படிக் கேட்பது? நீங்கள் பஞ்சை அனுப்பினீர்கள்.

கந்தோரில் அந்த அம்மா மூன்று முறை கேட்டா. ஒவ்வொரு முறையும் எனக்கு வழி விட்டாதான். உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு எழுதியதைத்தான் அங்கேயும் சொல்வீர்கள் என்று நம்பினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்வோம், அதுவாவது பொருந்தும் என்று நினைத்தேன்.

நீங்கள் அங்கே உண்மையைச் சொன்னீர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுசன் கேட்டவுடன சொல்லிப்போட்டியள். நான் ஐஞ்சு மாசமாக் காத்திருந்து கேட்டன், எனக்குச் சொல்லேல்லை.

நான் விரிப்பு மடிக்கிறவரைத்தான் கட்டினேன். வேளாங்கண்ணியில் காய்ச்சலோடு கிடந்தபோது, விடுதிப் போர்வையை நாலு மூலையும் ஒன்று சேர்த்து மடித்து என் கால்மாட்டில் வைத்தீர்கள். அப்படி மடிக்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. இதை உங்களுக்குச் சொன்னதில்லை, அது என் பிழை.

கடிதங்களை அனுப்புவதா என்று முடிவு செய்யவில்லை. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். உண்மையான ஒன்று. காலையிலிருந்து படுக்கும்வரை. புகார் வேண்டாம்.

பிறேமா


கடிதம் இல. 14
ஹனோவர்
26.10.2008, ஞாயிறு

பிறேமா,

இன்று இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள், குளிர்காலக் கணக்கு. வெறும் ஞாயிறு, அதிலும் ஒரு மணித்தியாலம் கூட.

ஆறு மணிக்கு எழும்பினேன், ஏழு என்று நினைத்து. தேத்தண்ணி குடித்தேன். சீனி முடிந்திருந்தது. இரண்டு சேட்டுத் தோய்த்து, திரைச்சீலை இல்லாத யன்னலில் போட்டேன். பத்துக்குப் பூசை. யாழ்ப்பாணத்து யோசப் அண்ணை, "மனுசி எப்ப வாறா?" என்று கேட்டார். போன மாதம் கேட்டபோது கெதியில் என்றேன். இன்று, "விசா மறுத்திட்டாங்கள் அண்ணை, என்ர பிழை" என்றேன். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்தார்.

வீட்டுக்கு வந்து பருப்பு காய்ச்சினேன். உப்புக் கூடிவிட்டது. சாப்பிட்டேன். முதுகு நோகிறது. குழு இருந்தபோதும் நொந்தது, இப்போதும் நோகிறது, அது விரிப்பால் வருகிற நோவு.

மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனேன். போகாமல் எழுதினால் முழு உண்மை ஆகாது, ஏனென்றால் எல்லா ஞாயிறும் போகிறேன். பூசை முடிந்து வந்து படுத்தேன் என்று அதிகாரிக்குச் சொன்னதிலும் இது இல்லை. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது அங்கே நாய் பழக்குகிறார்கள். கோடுகள் அழிந்துவிட்டன. வேலிக்கு இந்தப் பக்கம், நாங்கள் கம்பு பிடிக்கிற இடத்துக்கு நேரே நிற்பேன். ஒரு மனுசி தன் நாயை "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தா. அது இருக்கவில்லை. மழை தூறியது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு நாரை நின்றது. நாரை மட்டும் பொய் இல்லை, பிறேமா. இரண்டு இல்லை, ஒன்று. அது ஒருபோதும் மைதானத்துக்குள் வந்ததில்லை.

கழகம் மூடியபோது எல்லோரும் தலைக்கவசம், சட்டை என்று நினைவுக்கு எடுத்துப் போனார்கள். சங்கிலியை ஒருவரும் கேட்கவில்லை. அது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இன்று வெளியே எடுத்தேன். நீர் வந்து இருக்கப்போகிற இந்த வீடு எவ்வளவு பெரிது என்று கேட்டதே இல்லை, அதனால் அளந்து சொல்லலாம் என்று நினைத்தேன். குசினி யன்னலில் ஒரு கம்பைச் சாத்தி, அறைக்குள் இழுத்து, கதவில் வளைத்துக் குளியலறைவரை கொண்டுபோனேன். இன்னும் மிச்சம் கிடந்தது. வீடு பத்து யார் இல்லை. நான் இழுக்க இழுக்க அந்தப் பக்கத்துக் கம்பு விழுந்துகொண்டே இருந்தது. மூன்று தரம் போய் நிமிர்த்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு மிச்சப் பருப்பைச் சாப்பிட்டேன். இப்போது எட்டரை. இதை எழுதிவிட்டுப் படுப்பேன், சுவர்ப் பக்கம்.

இவ்வளவுதான் என் ஞாயிற்றுக்கிழமை. வாசிக்க ஒன்றும் இல்லை.

எமில்


இல. 16
கொட்டாஞ்சேனை
16.11.2008, ஞாயிறு

என்ர எமிலுக்கு,

பருப்புக்கு உப்புக் கூடினால் ஒரு உருளைக்கிழங்கை உரித்துப் போட்டுக் கொதிக்க விடுங்கள். முப்பத்தெட்டு வயதில் இது தெரியாமல் இருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை மாடியில் வாசித்தேன். மழை வரப் பார்த்தது. துணியை எடுக்காமல் இரண்டு முறை வாசித்தேன், எல்லாம் நனைந்து மாமியிடம் ஏச்சு வாங்கினேன். அந்த நாய் இருந்ததா, கடைசிவரை இருக்கவில்லையா? அதை எழுதவில்லை.

இத்துடன் ஒன்று முதல் பதின்மூன்றுவரை அனுப்புகிறேன், பதிவுத் தபாலில். புகாரும் பஞ்சும் அதற்குள் இருக்கின்றன. கந்தோரில் வாசிக்கட்டும், அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும்தானே. எனக்கு வெட்கமில்லை. படத்தையும் வைத்திருக்கிறேன். வேலை முடிந்தவுடன் அதைத் திருப்பி வாங்க வேண்டும். சங்கிலியை எறிந்துவிடாதீர்கள். அது ஒரு ஆள் பிடிக்கிற சாமான் இல்லை என்று முதல் கடிதத்திலேயே விளங்கிவிட்டது.

பதினான்காம் இலக்கத்தை அனுப்பவில்லை. தையல் பெட்டிக்குள் படம் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சட்டத்தரணி எண்ணிப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டால், மனைவியிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அது உண்மை.

உங்கள்,
பிறேமா